தூர கால விசாரம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு என்றால், பூகோள உருண்டையின்மேல் நூலைப் பிடித்துப் பார்த்து, ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் அந்நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போவதையும், விமானமோ பெரும்பாலும் அவ்வழியை உதறிவிட்டு, கிழக்கு நோக்கி வீசும் உயர்வானக் காற்றின் தயவை நாடி, பசிபிக் சமுத்திரத்தின் மேலாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுற்றிச் செல்வதையும் அறிந்த பண்டிதர், விடை பகருமுன் சற்றே தொண்டையைக் கனைத்துக்கொள்வது நியாயமே.

காலத்தைப் பற்றிய விவகாரம் இன்னும் விபரீதமானது. கோடையில், சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானம் நியூயார்க்கில் விடிகிற வேளைக்கு இறங்கிவிடுவதால், சுவர்க் கடிகாரங்களையே பிரமாணமாகக் கொண்ட பூர்வபட்சி, கழிந்தது ஆறரை மணியே என்றும், ஆகவே இவ்விமானம் கான்கார்டையும் வென்றுவிட்டதென்றும் சாதிப்பார். திரும்பும்போது அதே கணக்கில் முப்பது மணிக்கு மேல் ஆகிறதே என்று ஆட்சேபித்தாலோ, ஊர் திரும்புகிறவர்களின் பெட்டி கனத்திருப்பதே அதற்குக் காரணம் என்று அசையாமல் சமாதானம் சொல்வார்.

சித்தாந்தியோ, இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் வித்தியாசம் உண்டென்று காட்டி, உண்மையான பிரயாணம் பதினெட்டரை மணிக்கும் மேல் என நிர்ணயிப்பார். இதற்கு முழங்காலும் சாட்சி. நெடுந்தூரத்துக்கென்றே 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி அமைத்த ஏர்பஸ் விமானத்தில், சாதாரண வகுப்பையே ஒழித்து 161 பேருக்கு மட்டும் இடம் வைத்த பிறகும், முன்னிருக்கையின் முதுகில் ஒளிரும் படத்தில் ஜப்பான் தேசத்தையே மூடி நிற்கும் அந்தக் குட்டி விமானம், ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தாலும் ஜப்பானைவிட்டு அகன்றபாடில்லை என்பது பிரத்தியட்சம்.

இனி, அறிஞர்கள் கவனியாமல் விட்ட ஒன்று. திரும்பும் விமானம் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து மறுபடியும் கிழக்கு முகமாகவே வருமானால், பிரயாணி தம்மையறியாமல் பூப்பிரதட்சிணத்தை முடித்தவராகிறார். மேற்காகவே உலகைச் சுற்றி 1522-ல் மீண்ட விக்டோரியா கப்பலின் மாலுமிகள், கேப் வெர்டே தீவுகளில் விசாரித்தபோது, தங்கள் கணக்கில் ஒரு நாள் குறைந்திருக்கக் கண்டு திகைத்தார்கள். நம் பிரயாணி கிழக்காகவே சுற்றியவராதலால், வீட்டில் இருந்தவர்களைவிட ஒரு சூரியோதயம் அதிகம் கண்டவராவார். அந்த உபரி நாளுக்குச் சம்பளம் உண்டா என்று காரியாலயத்தில் விண்ணப்பித்தால், கணக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு ஆஜர் பட்டியலில் கையெழுத்து உண்டா என்று மட்டும் கேட்பார்.