பரண்ல உன் கடிகாரம் கெடக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. எளிமையா வாழப்போறேன், சாமானெல்லாம் கொறைக்கப்போறேன்னு சொன்னியாம்ல? உங்க அப்பத்தா சொன்னா. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. அதுக்கு என்னென்ன வாங்கியிருக்கன்னும் சொன்னா. புத்தகம் மூணு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒரு டசனு, அதை அடுக்க ஒரு ரேக்கு. சாமானக் கொறைக்கச் சாமான் வாங்குன மொத ஆளு நம்ம வம்சத்துலயே நீதான்.

ஜப்பான்காரி மாரி கோண்டோன்னு ஒரு அம்மா இருக்காம். ஒவ்வொரு பொருளா கையில எடுத்துப் பாரு, மனசு துள்ளுனா வச்சுக்க, இல்லைன்னா நன்றி சொல்லி அனுப்பிருன்னு சொல்லுதாம். நல்ல அம்மாதான். ஆனா வெளக்கமாத்தக் கையில எடுத்து எவனுக்குடா மனசு துள்ளியிருக்கு? அதத் தூக்கிப் போட்டா உங்க அப்பத்தாளுக்கு நானா பதில் சொல்றது? 2019-ல அந்தம்மாவே சாமான் விக்கிற கடை போட்டுருச்சுன்னு நீதான சொன்ன. வீட்டக் காலி பண்ணச் சொன்னது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.

காந்தியப் பாரு. 1921 செப்டம்பர் 22-ல நம்ம மதுர மேலமாசி வீதியில வச்சுத்தான் அரை வேட்டிக்கு மாறுனாரு. ஒரு புத்தகமும் படிச்சுட்டு மாறல. சனங்க கட்டிக்கத் துணியில்லாம நின்னதப் பாத்தாரு, மாறிட்டாரு. அவரு கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் அம்புட்டையும் 2009-ல நியூயார்க்குல ஏலம் விட்டாக. 18 லட்சம் டாலருக்குப் போச்சு. எடுத்தது ஆரு? சாராய யாவாரி மல்லையா! கள்ளுக்கட மறியல் பண்ணச் சொன்ன மனுசன் செருப்புக்கு வந்த வாழ்வப் பாரு. உன் பதினாலு சோடிச் செருப்ப ஏலம் விட்டா, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்கிறவன்கூட வண்டிய நிப்பாட்ட மாட்டான்.

எங்க காலத்துல மாடு பிடிக்கச் சந்தைக்குப் போவோம். பல்லப் பாப்போம், சுழி பாப்போம், நடக்க விட்டுப் பாப்போம். அப்பறம் துண்டப் போத்தி அதுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவோம். படியலையா, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு வெறுங்கையோட வீடு வந்து சேருவோம். "என்ன மாமா, மாடு எங்க?"ன்னு ஊரே கேக்கும். கேட்டுட்டுப் போகட்டும். நீ பாயில படுத்தபடி ஒத்த வெரலால தட்டுற. விடிஞ்சா வாசல்ல அட்டப்பெட்டி. பல்லப் புடிச்சுப் பாத்தியா? ஒரு தடவையாச்சும் கடைக்குப் போயி வெறுங்கையோட திரும்பிப் பாருடா, அது ஒரு தனிச் சொகம்.

எங்கிட்ட என்ன இருக்கு? மூணு வேட்டி, ரெண்டு துண்டு, ஒரு கயித்துக் கட்டில். அந்தத் தகரப்பெட்டியத் தெறக்காத. அதுல ஒடஞ்ச குடைக்கம்பி கொஞ்சம் கெடக்கு. ஒரு நாளைக்கு உதவும். 1987-ல இருந்து அந்த நாளத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்.

அது கெடக்கட்டும். உன் வீட்டுல ஒண்ணுமே இல்ல, செவுரெல்லாம் வெள்ளவெளேர்னு மொட்டையா இருக்குன்னு போட்டோ காட்டுன. எப்படிடா இருக்கும்? உன் கல்யாணத்துக்கு வந்த சாமானெல்லாம் என் பரண்லல்ல ஏறிக் கெடக்கு! "பிளாட்டுல எடமில்ல தாத்தா, கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்"ன்ன. மூணு வருசமாச்சு. குத்துவெளக்கு ஆறு. சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொண்ணு. ஒவ்வொண்ணுலயும் குடுத்தவன் பேரு முள்ளவிடப் பெருசா எழுதியிருக்கு. பேட்டரி தீந்துபோயி, ஆளுக்கொரு நேரத்தக் காட்டிக்கிட்டு நிக்குது. நீ எளிமையா இருக்க, என் பரணு முதுகொடிஞ்சு நிக்கிது.

நாளைக்குக் கெளம்பறப்ப கார் டிக்கியக் காலியா வையி. பதினொண்ணையும் தொடச்சு எடுத்து வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு வந்த ஹாட்பாக்ஸ மட்டும் விட்டுட்டுப் போ, உங்க அப்பத்தா அதுலதான் இட்லி வைக்கிறா.