கடைக்குட்டியும் கிளம்பியாச்சு

கேள்வி: கடைசி மகளும் கோவைக்கு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு அளவாகச் சமைக்கவே கை வரவில்லை. வீடே வெறிச்சென்று இருக்கிறது. எப்படிப் பழகுவது? (ஒரு வாசகி, தேனி)

பதில்: ஆழாக்கைக் குறைத்துவிடலாம், அம்மா, மனசின் பாரம் குறையக் கொஞ்சநாள் ஆகும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். தமிழில் அதற்குப் பழைய அனுமதியே உண்டு. காதலனோடு உடன்போக்கில் மகள் போய்விட, தவிக்கும் தாய்க்கென்றே சங்க நூலான ஐங்குறுநூற்றில் ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ என்று பத்துப் பாடல்கள் பாடிவைத்தார் ஓதலாந்தையார். அப்பாவுக்கு அதில் ஒரு பத்துகூட இல்லை! உங்கள் வீட்டிலும் அவர் வாய்திறக்காமல் மகளின் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். மகளுக்கு ஆறாவது தடவை போன் போடுவதற்குமுன், அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். மிஞ்சிய தோசைமாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.