குதிரையைத் தூங்க வையுங்கள்

ஜப்பானில் 2021-இல் வந்த ‘உமா முசுமே’ பந்தய விளையாட்டுக்குள் புதிதாக நுழைபவர்களே, வாருங்கள். குதிரைப் பந்தயம் குடியைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அது பழைய பந்தயம். இங்கே லாயம் இல்லை, லத்தி இல்லை, குதிரைகூட இல்லை. பேர்பெற்ற பந்தயக் குதிரைகளின் பெயரில், குதிரைக் காதும் வாலும் வைத்த பெண்பிள்ளைகள் ஓடுவார்கள். ஜெயித்தால் மேடையேறி ஆடிப் பாடுவார்கள். நிஜக் குதிரைகளுக்கு இந்த நாகரிகம் கடைசிவரை வரவே இல்லை.

முதல் பாடம், ஓய்வு. தெம்பு குறைந்த பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தால் பயிற்சி பாழாகலாம், முகமும் வாடிப்போகும். ஆகவே ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணெரிய உட்கார்ந்து அவளைத் தூங்க வையுங்கள். நீங்கள் மறுநாள் அலுவலகத்தில் தூங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது குலுக்கல். காசு கொடுத்து மணிக்கல் வாங்கிக் குலுக்கினால் கேட்ட குதிரை வரும், அல்லது வராது. இதைச் சூதாட்டம் என்பது அபாண்டம். சூதாட்டத்தில் எப்போதாவது பணம் திரும்பி வந்துவிடும்.

ஹாரு உராராவிடம் மட்டும் ஜாக்கிரதை. நிஜத்தில் 113 பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்காத குதிரை அது. 2025-இல் விளையாட்டு ஆங்கிலத்தில் வந்ததும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஓய்விலிருந்த அந்தக் கிழட்டுக் குதிரைக்குப் புல் வாங்கித்தர முண்டியடித்ததில் நன்கொடைத் தளமே முடங்கிப்போனது. உயிருள்ள குதிரைக்குச் செலவு! புதியவர்கள் இந்தக் கெட்ட பழக்கத்துக்கு இடம் தர வேண்டாம். புல்லில் குலுக்கல் கிடையாது. காசு கட்டினால் புல்தான் வரும்.