சம்பந்தியுடன் குளித்த கதை

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. பந்தியில் அவருக்கு முன்னால் இலையை மூடக் கூடாது. அவர் சொல்லும் பழைய கதையை, "போன தடவையே சொன்னீங்களே" என்று இடைமறிக்கக் கூடாது. என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாக இதிலெல்லாம் ஒரு குறையும் வைத்ததில்லை. அவர் முன்னால் அம்மணமாக நிற்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர வேண்டி வரும் என்று விருத்தாசலத்தில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

மகளும் மாப்பிள்ளையும் ஜப்பானில் கியூஷூ தீவில், ஃபுகுவோகா நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒரே விமானத்தில் வரவழைத்தார்கள். நாங்கள் விருத்தாசலம், பீங்கான். அவர்கள் பண்ருட்டிப் பக்கம், முந்திரி. கல்யாணச் சீர் விஷயத்தில் மனஸ்தாபப்பட்டு, அதன்பிறகு சம்பந்தியம்மாக்கள் இருவரும் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு" என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. ஒரே தீவில் நான்கு பேரையும் விட்டால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்திருக்க வேண்டும்.

முதலில் மாப்பிள்ளை என்னை அரிட்டாவுக்குக் கூட்டிப்போனார். ஜப்பானியப் பீங்கான் பிறந்த ஊர். கொரியாவிலிருந்து வந்த யி சாம் பியோங் என்ற குயவர் 1616-ல் அங்கே இசுமியாமா மலையில் பீங்கானுக்கேற்ற வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். எங்களுக்கு நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது களிமண் வெளியே வருகிறது. அதில் பியூஸ் கட்டையும் அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்து ஊர் ஊராக அனுப்புகிறோம். அவர்களோ அந்தக் கல்லை வைத்து நானூறு வருஷமாக உலகத்தின் சாப்பாட்டு மேசையையே பிடித்திருக்கிறார்கள். அங்கே தோசான் என்றொரு கோயில். அதன் தோரண வாயிலே பீங்கான்; 1888-ல் செய்தது. சூளையிலிருந்து எடுத்த சரக்கைச் சுண்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. கணீரென்றால் நல்ல சரக்கு, டொக்கென்றால் விரிசல். பெரிய வீட்டுத் தூண் உயரத்துக்கு நின்ற அந்தப் பீங்கானை நான் சுண்டப் போனதும் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, சாமி வாசல்."

மறுநாள் பெப்பு. நிலத்துக்கடியிலிருந்து வெந்நீர் வரும் இடங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் அந்த ஒரு ஊரில் இருக்கின்றன. சாக்கடை மூடியின் சந்திலிருந்துகூட ஆவி வருகிறது. நூறு வீட்டில் ஒரே நேரத்தில் இட்லிப் பானையைத் திறந்தால் எப்படியிருக்கும், அப்படி. உண்மையிலேயே அந்த ஆவியில் முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காய்கறியும் வேகவைத்துத் தருகிறார்கள். என் மனைவி ஆவிக்குழாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாவு கொண்டாந்திருக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அதுவே தோன்றியிருக்கிறது.

அங்கே கொதிக்கும் குட்டைகளுக்கு 'நரகம்' என்று பெயர். ஏழு நரகம், டிக்கெட் உண்டு. ஒன்று கடல் நீலம், 98 டிகிரி. ஒன்று ரத்தச் சிவப்பு. ஒன்றில் சாம்பல் நிறச் சேறு மொட்டைத் தலை மொட்டைத் தலையாகக் குமிழ் விட்டு உடைகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன், எங்கள் ஆலையில் கரைத்து வைத்த களிக்கூழ் உயிர் பெற்றது மாதிரி இருந்தது. விருத்தாசலம் விருத்தகாசி. அங்கே இறந்தால் முக்தி, காசிக்கும் ஒரு வீசம் கூட என்பார்கள் ஊரில். அப்படியென்றால் எங்கள் ஊர்க்காரன் நரகத்தைப் பார்க்க இது ஒன்றுதான் வழி. ஏழையும் பார்த்தேன்.

காரில் போகும்போது மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். வெந்நீர் ஊற்றுக்கு ஜப்பானியப் பெயர் ஒன்சென். எது ஒன்சென் என்பதற்கு 1948-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரி இருந்தால் போதும். இல்லாவிட்டால் சொன்ன அளவுக்குத் தாதுப்பொருள் இருக்க வேண்டும்.

"இருபத்தஞ்சா?" என்றார் சம்பந்தி.

"ஆமாப்பா."

"நம்ம கொல்லை போர்ல வர்றது அதுக்கு மேல இருக்குமேடா."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்க எடுத்த சராசரி வெயிலே 28 டிகிரி. நிலத்தடி நீரும் கிட்டத்தட்ட அதே சூடுதான். ஜப்பான் சட்டப்படி பார்த்தால் கடலூர் மாவட்டத்தில் ஒன்சென் அல்லாத போர்வெல்லே இருக்காது. மொட்டைமாடியில் ஏற்றிச் சித்திரை வெயிலில் காய்ச்சிய தண்ணீரைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. அறுபது வருஷமாக வெந்நீர் ஊற்றிலேயே குளித்திருக்கிறோம். ஒருத்தரும் டிக்கெட் போடவில்லை.

"அதான் தம்பி, எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல" என்று சம்பந்தி சாய்ந்துகொண்டார். "நான் கன்னியாவுலயே குளிச்சவன்." திருகோணமலைக்குச் சுற்றுலா போனபோது அங்கே குளித்திருக்கிறார். ஏழு கிணறு, தாயின் கருமாதிக்காக இராவணன் வாளால் குத்தி உண்டாக்கினான் என்று கதை. ஏழிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும். இந்தக் கதையை நான் நான்காவது முறையாகக் கேட்டேன். ஆனால் கன்னியாவில் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார்கள். இடுப்பில் துணி இருக்கும். இந்த வித்தியாசத்தை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை யோசித்திருந்தார். மியோபான் என்ற மேட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்தினார். ஊருக்குள் போகாமல் ஓரமாகவே நின்று, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க மாமா, எனக்கு ஒரு போன் வரணும்" என்றார். அந்தப் போன் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

மியோபான் என்றால் படிகாரம். நம்மூர் முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதுதான். அங்கே வைக்கோல் போர் மாதிரிக் கூரைக் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. தரையில் கல் பரப்பி, அதன்மேல் நீலக் களிமண்ணைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். கீழிருந்து வரும் கந்தக ஆவி களிமண்ணுக்குள் ஏறி, மேலே ஊசி ஊசியாகப் பூக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. அதை அள்ளிச் சுத்தம்செய்து குளியல் உப்பாக விற்கிறார்கள். அடுப்பு கிடையாது, விறகு கிடையாது, எரிவாயு பில் கிடையாது. சூளைக்காரனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்? காற்றில் அழுகிய முட்டை வாசனை. ஹைட்ரஜன் சல்பைடு என்று மனம் குறித்துக்கொண்டது. அந்தக் குறிப்பு பின்னால் எனக்கு வினையாக வந்தது.

குளியல் வீட்டு வாசலில் இரண்டு திரை. நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. மனைவிமார் சிவப்புக்குள் மறைந்தார்கள். நாங்கள் நீலத்துக்கு முன்னால் நின்றோம்.

"நீங்க போங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க முதல்ல."

இப்படி ஒரு ஐந்து நிமிஷம். ஒரு தாத்தா எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டார். மடித்து வேறு வைத்தார். எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு துண்டு. கைக்குட்டையின் அண்ணன் என்று சொல்லலாம். அதை இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். முக்கால் சுற்று வந்து நின்றுவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். மணிமுத்தாற்றில் மாசி மகத்துக்கு ஆயிரம் பேருக்கு நடுவில் முழுகியவன் நான். ஈர வேட்டி இடுப்பை விட்டு நழுவுவதற்குள் காய்ந்த வேட்டியைச் சுற்றி, கீழே இருப்பதை உருவி, ஒரு துளி மானம் சிந்தாமல் கரையேறும் வித்தை எங்கள் ஊரில் பத்து வயதிலேயே வந்துவிடும். ஊர் பார்க்கக் குளிப்போம். ஊர் ஒன்றையும் பார்த்திருக்காது. சுந்தரர் ஆற்றில் போட்ட பன்னிரண்டாயிரம் பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எங்கள் ஆற்றின் பெருமை. அன்று அந்தத் திரைக்குப் பின்னால் போட்ட மானத்தை எந்தக் குளத்தில் எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சம்பந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கழற்றினார். நானும் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

அதில்தான் பார்த்தேன். வேறெதையும் அல்ல, சத்தியமாக அவர் இடுப்பை மட்டும். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. கொக்கியில் ஒரு சின்ன மாம்பிஞ்சு. அந்த மாம்பிஞ்சை எனக்குத் தெரியும். கடைவீதி ஆசாரியிடம் உட்கார்ந்து நானே படம் போட்டுக் காட்டிச் செய்யச் சொன்னது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்துப் போட்டது.

சம்பந்தியும் கண்ணாடியைப் பார்த்தார். நான் பார்த்ததைப் பார்த்தார். சட்டென்று அந்தச் சின்னத் துண்டை எடுத்து இடுப்பில் பொத்திக்கொண்டார். மறைக்க வேண்டியதெல்லாம் வெளியே கிடக்க, கொடியை மட்டும் மறைத்துக்கொண்டு நின்ற மனிதரை நான் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் முன்கையில் ஒரு பிளாஸ்திரி வேறு. வாலிபத்தில் பச்சை குத்திய கட்சிச் சின்னம். பச்சை குத்தியவர்களை ரவுடிக் கும்பல் என்று நினைத்துப் பல குளியல் வீடுகளில் உள்ளே விடமாட்டார்களாம். அதனால் மாப்பிள்ளை காரிலேயே ஒட்டிவிட்டார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அவரே இப்போது அதில் இல்லை.

குளிப்பதற்கு முன்னால் குளிக்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. முக்காலி மாதிரி ஒரு குட்டை ஸ்டூல். அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, தலை முதல் கால்வரை தேய்த்து, நுரை போகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊற. இது எனக்குப் பிடித்திருந்தது. சூளையில் வைப்பதற்கு முன்னால் சரக்கைத் துடைத்துத் தூசி போக்கித்தானே வைக்கிறோம்?

தண்ணீர் பால் கலந்த நீலம். கழுத்துவரை இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. நான் அத்தனை வேகமாக இறங்கியதற்குக் காரணம் அதுதான்; சூடு அப்புறம்தான் உறைத்தது. ஜப்பானியர்கள் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாதாம். அதனால் ஒவ்வொருவரும் மடித்துத் தலையில் வைத்திருந்தார்கள். நம்மூரில் ஒருத்தன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் முழுகிவிட்டது என்று அர்த்தம். இங்கே ஏழெட்டுப் பேர் முழுகியபடியே தலையில் துண்டோடு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் மடித்து வைத்துக்கொண்டேன். பீங்கான் வியாபாரம் இப்போதிருக்கும் நிலைமைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

சூளை உச்சச் சூட்டை எட்டியதும் உடனே இறக்கக் கூடாது. அதே சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். 'சோக்கிங்' என்போம். அப்போதுதான் சூடு உள்ளே நடுவரைக்கும் போகும். முப்பத்தைந்து வருஷமாகச் சரக்குக்குச் செய்ததை எனக்கு யாரோ செய்வது அன்றுதான். முழங்கால் வலி முதலில் போனது. பிறகு முழங்காலே போன மாதிரி இருந்தது. பிறகு பக்கத்தில் சம்பந்தி இருப்பதும் மறந்தது.

அவருக்கு மறக்கவில்லை. துண்டை இடுப்பிலிருந்து எடுக்காமலே தண்ணீரில் இறங்கிவிட்டார். அந்தத் தாத்தா கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்து, தன் தலையைத் தொட்டுக் காட்டினார். சம்பந்தி அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார். கும்பிட இரண்டு கை வேண்டும். துண்டு மிதந்து வெளியே வந்தது.

அப்போதுதான் எனக்கு வாசலில் அடித்த வாசனை ஞாபகம் வந்தது. கந்தகம். வெள்ளி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பீங்கான்காரனுக்குத் தெரியாதா? "சம்பந்தி, கொடியைக் கழற்றி வச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் பார்த்தேன் என்றாகும்; பார்த்தேன் என்றால் அது யாருடைய கொடி என்ற பேச்சு வரும்; அது அப்படியே வளர்ந்து கல்யாணச் சீர்வரைக்கும் போகும். கண்ணை மூடிக்கொண்டேன். அந்தத் தண்ணீருக்கு வெள்ளியைக் கறுக்க வைக்க அதிக நேரம் வேண்டாம்.

வெளியே வந்து உடுத்தும்போது பின்னால் பரபரவென்று தேய்க்கும் சத்தம். நான் திரும்பவில்லை, கண்ணாடி இருந்த பக்கமும் பார்க்கவில்லை. நகை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள் என்று சுவரில் எழுதியிருந்ததாம். ஜப்பானிய எழுத்தில்.

கூடத்தில் சிவப்புத் திரை பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவிமார் இருவரும் முகம் சிவந்து, தலையைத் துவட்டியபடி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால் இன்னொரு தடவை சிரிக்கிறார்கள்.

குளித்து வந்தவர்கள் குளிர்ந்த பால் குடிப்பது அங்கே வழக்கம். கண்ணாடிப் பாட்டில், காகித மூடி. சம்பந்தியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டிலைக் கையில் வைத்திருந்தோம். அவர் ரொம்ப நேரம் மூடியையே திருகிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"பொதுவாக் கேக்குறேன். நீங்க மண்ணு, ரசாயனம் எல்லாம் படிச்சவரு. நல்ல வெள்ளி கறுக்குமா?"

"இந்த மாதிரித் தண்ணியில நல்ல வெள்ளி கறுக்கத்தான் செய்யும் சம்பந்தி. எவர்சில்வரா இருந்தாத்தான் கறுக்காது. புளி போட்டுத் தேய்ச்சா கொஞ்சம் போகும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முகத்தில் ஒரு சுமை இறங்கிய மாதிரி தெரிந்தது.

"அப்ப சரக்கு நல்ல சரக்குதான்."

ஆசாரி நமக்குத் தெரிஞ்சவரு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பாலைக் குடித்தேன்.