பத்துப் பொருத்தமும் பதினோராவது கியரும்

சிங்கப்பூரில் சாதியெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாங்கி கடற்கரைச் சாலைப் பக்கம் போய் நிற்கலாம். இறுக்கமான உடையில் சைக்கிள்காரர்கள் அணி அணியாக வருவார்கள். ஒற்றை வரிசையென்றால் ஐந்து பேர், இருவர் இருவராக என்றால் பத்துப் பேர். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம் அப்படி. நிறுத்தியதும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்தவர் பின்சக்கரத்தைப் பார்ப்பார்கள். கோத்திரம் அங்கே தொங்கும் டீரெய்லரில்தான் எழுதியிருக்கிறது.

சைக்கிள் பாகங்கள் செய்யும் சிமானோ நிறுவனத்தின் சாலை சைக்கிள் வரிசை கீழிருந்து மேலே இப்படிப் போகும்: கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ். கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டர் ஒரு வரிசையிலிருந்தும், செயினைத் தள்ளும் டீரெய்லர் இன்னொரு வரிசையிலிருந்தும் வந்திருந்தால், பார்ப்பவர் கண்ணில் ஓர் இரக்கம் சுரக்கும். கலப்புக் கல்யாணம் செய்துகொண்டவன் வீட்டு வாசலில் நின்று, “எல்லாம் நல்லபடியா இருக்கீங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்களே, அதே இரக்கம்.

கடைக்குப் போனால் தரகர் காத்திருப்பார். இடது கை நன்றாக இருக்கிறது, வலது ஷிஃப்டர் மட்டும் செத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான்: “இதுக்கு அது சேராது. முழு குரூப்செட்டா மாத்திடுங்க.” பெண் கேட்டுப் போனவன் தலையில் மாமன், மச்சான், கொழுந்தியாள், சித்தப்பா வரை கட்டிவிடுகிறார்கள். கிராங்க், கேசட், செயின், பிரேக் எல்லாம் புதிதாகப் பெட்டியில் வரும். வெள்ளி நூற்றுக்கணக்கில் போகும்.

சேராது என்பது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். ஷிஃப்டரை ஒரு தடவை அழுத்தினால் அது குறிப்பிட்ட அளவு கேபிளை இழுக்கும். இழுத்த நீளத்தைத் தன் விகிதத்தால் பெருக்கி டீரெய்லர் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வு கேசட்டில் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒத்துப்போக வேண்டும். சிமானோவின் பழைய 10 வேகத்தில், அதாவது பின்னால் பத்துப் பல்சக்கரம் உள்ள வண்டியில், இழுப்பு ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், விகிதம் 1.7. பெருக்கினால் 3.9. சக்கரங்களின் இடைவெளி 3.95, ஓடும். 11 வேகம் வந்தபோது இழுப்பை 2.7 ஆக்கி விகிதத்தை 1.4 ஆகக் குறைத்தார்கள். அதுவும் ஓடும். ஒன்றின் ஷிஃப்டரை எடுத்து மற்றதன் டீரெய்லரோடு கட்டினால் ஐந்து கிளிக்குக்குள் ஏறக்குறைய ஒரு பல்சக்கரம் தவறிப்போகும். புக்கிட் தீமா ஏற்றத்தில் பாதி வழியில் செயின் குரைக்கும்.

ஆக, பார்க்க வேண்டியது இந்த எண்ணை மட்டும்தான். குலப்பெயருக்கு இதில் வேலையே இல்லை. 10 வேகக் காலத்து டியாக்ரா 4600 ஷிஃப்டர் அதே காலத்து அல்டெக்ரா 6700 டீரெய்லரோடு குடித்தனம் நடத்தும். மலைச் சைக்கிளுக்கென்று பிறந்த பழைய 9 வேக டியோர் டீரெய்லர்கூட, சாலைக்கான அந்தக் கால 10 வேக ஷிஃப்டரோடு சண்டையில்லாமல் வாழும். ஆனால் 2015இல் வந்த டியாக்ரா 4700 பெயருக்குத்தான் 10 வேகம், உள்ளே 11 வேகத்தின் விகிதம். அதன் ஷிஃப்டரை 10 வேக 105 டீரெய்லரோடு சேர்த்தால் சேராது, 11 வேக 105 டீரெய்லரோடு சேர்த்தால் சேரும். எந்த ஜோசியன் எழுதிய ஜாதகம் இது?

நிறுவனம் வெளியிடும் பொருத்த அட்டவணையோ பொருந்தும், பொருந்தாது என்பதோடு நிற்கும். காரணமான எண்ணை அதில் தேடாதீர்கள். அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் அளவுகோலும் கையுமாக உட்கார்ந்த மெக்கானிக்குகள்.

தீண்டாமை நேரடியாக நடந்த காலமும் உண்டு. 1984இல் கிளிக் கிளிக்கென்று கியர் மாற்றும் முறை டுரா-ஏஸ் 7400இல் வந்தது. அதன் டீரெய்லர் விகிதம் மட்டும் தனி. கீழிருந்த 600, 105 எதன் ஷிஃப்டரும் அதோடு ஒத்துப்போகாது. தொண்ணூறுகளின் நடுவில் 9 வேகம் வந்த பிறகுதான் மேல்வீட்டுக்காரர் பொதுக் கிணற்றுக்கு இறங்கி வந்தார்.

சரி, கேபிள்தானே பிரச்சினை, மின்சாரத்தில் ஓடும் டி.ஐ.2 வந்துவிட்டதே என்பீர்கள். அங்கே ஷிஃப்டர் வெறும் பொத்தான். எவ்வளவு நகர வேண்டும் என்பதை டீரெய்லரின் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பொத்தானுக்கு என்ன விகிதம், என்ன கோத்திரம்? ஆனாலும் 2021இல் 12 வேகம் வந்தபோது மின்கம்பியின் செருகியே மாறியது. பழைய 11 வேகப் பொத்தானுக்கும் புதிய டீரெய்லருக்கும் அட்டவணை சம்மதம் தருவதில்லை. அடுத்த ஆண்டு 105 வரிசையில் 12 வேகம் முதலில் மின்சாரமாகவே வந்தது. கேபிள்காரர்களுக்கு 2023 வரை காத்திருப்பு. அதே 2023இல் கியூஸ் என்று ஒரு வரிசை: 9, 10, 11 வேகம் மூன்றுக்கும் பொதுவான அளவு. பொது அளவு சாத்தியம் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள். உங்கள் பழைய டியாக்ராவுக்கு மட்டும் அந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை கிடையாது.

தோஷம் என்றால் பரிகாரமும் விற்க வேண்டுமே. வுல்ஃப் டூத் என்ற அமெரிக்க நிறுவனம் டான்பான் என்று ஒரு சின்னக் கப்பி விற்கிறது. சாலை ஷிஃப்டரின் இழுப்பை மலைச் சைக்கிள் டீரெய்லருக்கு ஏற்றபடி மாற்றித் தரும். காசு செலவழிக்க மனமில்லாத பழைய மெக்கானிக், கேபிளை போல்ட்டின் மறுபக்கம் இறுக்கிப் பார்ப்பார். சில ஜோடிகளுக்கு அதுவே போதும்.

இத்தனையும் எந்த ஊரில் நடக்கிறது? சிமானோ தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்காக 1973இல் வந்து இறங்கிய ஊரில். ஜூரோங்கில் செய்தவனின் ஊர்க்காரன், கெட்டுப்போன ஒரு நெம்புகோலுக்காக முழு செட்டு வாங்குகிறான். அதைக் கழற்றிப் போட்டுப் பேரம் பேச சுங்கை ரோடு சந்தை இருந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். 2017 ஜூலை 10 அன்று அதையும் மூடினார்கள்.

ஞாயிறு மாலை தேக்காவைச் சுற்றிக் கம்பிகளில் பூட்டியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் சைக்கிள்களைக் குனிந்து பாருங்கள். பெயரழிந்த டீரெய்லர், வேறெங்கோ பிறந்த ஷிஃப்டர், மூன்றாவதாக ஒரு செயின். கிளிக் இல்லாத பழைய உராய்வு நெம்புகோல் இருந்தால் கணக்கே வேண்டாம், விரல் தள்ளுகிற தூரம்தான் விகிதம். நாம் ஞாயிறு காலையில் பல்லாயிரம் வெள்ளி சைக்கிளில் பவனி போகும் பாதைகளுக்குக் கான்கிரீட் கொட்டியவர்களின் வண்டி அது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்மவர்கள், இரண்டு விநாடி வேகம் கூடுமென்று டுரா-ஏஸுக்குக் கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள். தேய்த்துவிட்டு விளக்குக்கு விளக்கு நிற்கிறார்கள்.

கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டரிலும் இழுப்பையும், ஒவ்வொரு டீரெய்லரிலும் விகிதத்தையும் பொறித்துக் கொடுங்கள். இரண்டு இலக்கம், நடுவில் ஒரு புள்ளி. இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘டுரா-ஏஸ்’ என்று பளபளவென எழுத இடம் இருக்கிறது.