பாலாற்று மணலும் லிபரேட்டர் விமானமும்

மாதிரி விமானம் கட்டும் பைத்தியங்களுக்குள்ளே ஒரு தனி இனம் உண்டு. யுத்தத்தில் ஒருவன் செய்த விமானம் மற்றொருவன் கைக்குப் போய், சமாதானத்துக்குப் பிறகு புதுச் சின்னம் தரித்துப் பறந்த சரித்திரம் இருந்தாலொழிய, அவர்கள் பசைப் புட்டியைத் திறப்பதேயில்லை. ஜப்பானியர் விட்டுப்போன விமானங்களைக் கொண்டு 1947 ஜூலையில் டச்சுக்காரர் வசமிருந்த செமாராங்கின்மேல் குண்டு போட்ட இந்தோனேசியரும், ஜெர்மன் போர்விமானத்தின் உடலில் குண்டுவிமான எஞ்சினைப் பூட்டி, அது பறந்த லட்சணத்தைக் கண்டு 'கோவேறு கழுதை' என்று நாமகரணம் செய்த செக் விமானிகளும் இவர்களுக்குப் புராண புருஷர்கள். கணியம்பாடியில் இந்த இனத்தின் ஏகப் பிரதிநிதி நான். அமிர்தி காட்டுக்குப் போகும் பஸ்களைத் தவிர வேறு வாகனத்தைப்பற்றி அக்கறை கொள்ளாத இவ்வூரில், என் அறையிலிருந்து வரும் தின்னர் வாசனைக்குப் பலரும் பல காரணங்கள் கற்பித்திருக்கிறார்கள்.

எதிரியிடமிருந்து விமானத்தைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம்? சிநேகிதனுடைய குப்பையிலிருந்து பிடித்தவர்கள் நாம். நான்கு எஞ்சின்களும் 110 அடி இறக்கை விரிவும் கொண்ட அமெரிக்க லிபரேட்டர் குண்டுவிமானங்கள், யுத்தம் முடிந்ததும் கான்பூரில் குவிந்து கிடந்தன. இரவல் வாங்கியவற்றைத் திருப்பிக் கொடு, இல்லையேல் உருப்படாமல் செய் என்பது உடன்படிக்கையாதலால், ஆங்கிலேயர் கருவிகளை நொறுக்கி, எஞ்சின்களில் மணலைக் கொட்டி, சாஸ்திரோக்தமாகச் சம்ஹாரம் செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையாரோ, பறப்பதற்குப் போதுமான அளவு மட்டும் அவற்றை அங்கேயே தேற்றினார்கள். முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். ஜீர்ணோத்தாரணம் முடிந்து 1948 நவம்பர் முதல் விமானப்படையில் சேர்ந்த அவை, சுமார் நாற்பது, 1968 வரை பறந்தன. அப்புறம் நடந்ததுதான் விசேஷம்: அமெரிக்கர் தாம் பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்து தள்ளிய விமானத்தில் காட்சிக்கு ஒன்று வேண்டுமென்று நம்மிடம் வாங்கிப்போனார்கள்; மணல் கொட்டிய ஆங்கிலேயரின் மியூசியத்துக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது.

இத்தகைய மகத்தான பொருளை 72-இல் ஒரு பங்காகச் சமைக்கத் துணிந்த எனக்கு, கான்பூரில் கிடந்த கோலத்தைக் காட்டுவதே தர்மமென்று பட்டது. பழுதைப் பாங்காகச் செய்வது எங்கள் கலையின் உச்சம். புத்தம்புது பிளாஸ்டிக்கை விலைகொடுத்து வாங்கி, அதில் துருவும் புகைக்கறையும் ஏற்ற மறுபடி விலைகொடுத்து வர்ணம் வாங்குகிறவனை வீட்டார் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கு மணல்? பாலாற்று மணலிருக்க என்ன குறை என்று ஒரு சிட்டிகை கொண்டுவந்தேன். கணக்குப் பார்த்தால், அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று 72 மடங்கு பெருகி 36 மில்லிமீட்டர் ஆகிறது! ஆங்கிலேயர் எஞ்சினில் கூழாங்கல் நிரப்பினார்கள் என்ற அபாண்டத்தைச் சரித்திரத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அளவுக்குத் தகுந்த நுண்மை வீட்டில் ஒரே பொருளுக்குத்தான் உண்டு. பூஜையறையிலிருந்து விபூதி எடுத்து நான்கு எஞ்சின்களிலும் தூவினேன்.

அந்தச் சமயம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். பிள்ளை திருந்திவிட்டான் என்ற பரவசம் அவள் முகத்தில் தெரிந்தது.

"வண்டிக்குப் பூஜை போடுறவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எங்கே?"

சக்கரமே இரண்டு சென்டிமீட்டர்தான், பழம் அதைவிடப் பெரிசு என்று வாதாடிப் பார்த்தேன். சாஸ்திரத்தில் ஸ்கேலுக்கு விலக்கில்லை என்பது அவள் கட்சி. ஒரு சிறு எலுமிச்சை 36 மில்லிமீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர். தள்ளுபடியான பாலாற்று மணலில் மூன்றைப் பொறுக்கி, மஞ்சள் வர்ணம் பூசி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தவள், "நல்ல பழமா வாங்கிருக்கப்படாதா?" என்றாள்.