பின்னால் வரும் பரஞ்சோதி

திண்டிவனம் தாண்டினால் போதும், ராத்திரி ஒன்பது மணிக்குச் சூரியன் உதிக்கும். உள்கண்ணாடியில் ஒன்று, பக்கக் கண்ணாடிகளில் ஆளுக்கொன்று, ஆக மூன்று. ஹை பீமை அணைப்பதைக் குலத்துக்கே இழுக்கு என்று நினைக்கும் ஒளிவள்ளல் ஒருவர் பின்னால் எழுந்தருளியிருக்கிறார் என்று பொருள்.

கம்பெனி தந்த 60/55 வாட் பல்பு வள்ளலுக்குப் போதவில்லை. "ஒயிட் லைட் போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்" என்று கடைக்காரர் சொல்ல, ஹாலஜனுக்காக வளைத்த கூட்டுக்குள் எல்இடியைத் திணித்துவிட்டார். தரையில் விழவேண்டிய வெளிச்சம் சிதறி நம் கண்ணில் விழுகிறது. அவருக்குப் பகல், நமக்குக் குருடு.

சட்டம் இல்லாமலா? 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதியைப் பாருங்கள்: 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் போலீஸார் ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கராவது ஒட்டினார்கள், திருஷ்டிப் பொட்டு மாதிரி. இப்போது ஹெல்மெட் போடாத தலை தப்பாமல் கேமராவில் விழுகிறது. இந்த விளக்கு மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பாவம், அவர்களுக்கும் கூசுகிறதோ என்னவோ!

அறிவுரை மட்டும் அடிபடுகிறவனுக்கு. உள்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சின்னப் பிடியை இழுத்துவிடு என்கிறார்கள். இழுத்தால், பின்பக்க ரசப்பூச்சில் பட்ட வெளிச்சம் கூரைக்குப் போய்விடும். முன்பரப்பில் பட்டுத் திரும்பும் நூற்றுக்கு நாலு பங்குதான் கண்ணுக்கு வரும். நல்ல ஏற்பாடு, இழுத்துக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிகளையும் கொஞ்சம் வெளியே திருப்பிவையுங்கள். தானாகவே மங்கும் கண்ணாடி வேண்டுமா? டாப் வேரியன்ட்டுக்குப் பணம் கட்டுங்கள். அடிக்கிறவனுக்குத் தடையில்லை, அடி வாங்குகிறவன் கவசத்துக்குத் தவணை கட்ட வேண்டும்.

சரி, எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறவர் எந்தப் பிடியை இழுப்பார்? சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் பாட்டிக்கு எந்த வேரியன்ட்?

டிம் பண்ண ஒரு விரல் போதும். அந்த விரலைக்கூட அசைக்காதவரிடம் லைசென்ஸ் எதற்கு? பிடுங்குங்கள். கண்ணைப் பறிக்கும் பல்பைப் பகலில் விற்கிற கடையிலிருந்தே தொடங்குங்கள்.